இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

முகத்தைப் பார்க்காமல் நான் ஒரு ஆட்டைக்கூட வாங்கினதில்லை. மந்தைவெளி மார்க்கெட்டில் நாற்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்தவன். ஆட்டின் கண்ணைப் பார்த்தாலே அதற்குக் காய்ச்சலா, பசியா, இல்லை வெறும் திமிரா என்று சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டருக்கு முகம் கிடையாது. அதனால் அதன்மேல் எனக்கு நம்பிக்கையும் கிடையாது.

என் மகள் அஃப்ராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அவளுக்கு யாருக்குமே முகம் கிடையாது, குரல்தான். அவளுடைய கம்ப்யூட்டருக்கும் ஒரு குரல் இருந்தது. திரையில் என்ன எழுத்து வந்தாலும் வாய்விட்டுப் படிக்கும். அதைக் கேட்டுத்தான் அவள் எல்லா வேலையும் செய்வாள்.

அந்தக் குரல் கடையில் வாங்கினது இல்லை. எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து வைத்திருக்கிறார்களாம். சும்மா கொடுக்கிறவனை நான் நம்பமாட்டேன். இவள் நம்பினாள். வந்த புதிதில் அது தமிழை, வெந்நீரை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரிப் பேசும். அஃப்ரா ஒரு வருஷம் உட்கார்ந்து அதற்குத் திருத்தம் எழுதினாள். எந்தச் சொல்லில் அழுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், கேள்வி என்றால் குரல் எந்த இடத்தில் ஏற வேண்டும், எல்லாம் ஒரே ஃபைலில். கடைசியில் அது மாடி வீட்டு ஆள் மாதிரிப் பேச ஆரம்பித்தது. நானே ஒரு தடவை ஏமாந்து, யார் வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

அந்தக் குரல் செத்துப்போனது ஞாயிற்றுக்கிழமை. கொன்றது நான்.

நோன்பு மாதம். நோன்பு திறக்கிற நேரம். என் மனைவி சகினா ஆதம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருந்தாள். மருமகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. அஃப்ரா கம்ப்யூட்டரில் எதையோ புதுப்பிக்கப் போட்டுவிட்டு, சமையல்கட்டில் பள்ளிவாசல் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆளில்லாத அறையில் அது நாற்பது சதவீதம், நாற்பத்தொரு சதவீதம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

பாங்கு கேட்டால் எங்கள் வீட்டில் டிவியாகட்டும், ரேடியோவாகட்டும், வாயை மூட வேண்டும். என் அத்தா காலத்திலிருந்து அப்படித்தான். இதற்கு வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் பேரீச்சம்பழத்தோடு போய், "சும்மா கெட" என்றேன். நாற்பத்திநாலு சதவீதம் என்றது. ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பேட்டரி எப்போதோ போய்விட்ட பழைய லேப்டாப். அப்படியே அடங்கியது. பாங்கு முடிந்ததும் ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டுக் கை கழுவப் போனேன்.

வேலை முடிந்து அதுவாகவே அணைந்துவிட்டது என்று அஃப்ரா நினைத்துக்கொண்டாள். ஆன் செய்தாள். பேச்சில்லை.

"அத்தா, இதுமேல எதுனா கைய வெச்சியா?"

"அதுல எனக்கு இன்னாமா தெரியும்?" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு நாள் அவளே தடவித் தடவிப் பார்த்தாள். என்னைக் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் கேட்டாள், ஏனென்றால் அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவளுக்குப் பரீட்சை. தரமணிப் பக்கம் ஒரு கம்பெனி. பார்வையில்லாதவர்களுக்கு ஒரு வெப்சைட் சரியாகப் பேசுகிறதா என்று சோதிக்கிற வேலை. தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி. வீட்டிலிருந்தே, அவரவர் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். இதுவரை மூன்று இடத்தில் எழுதிப் போட்டு, ஒருவனும் கூப்பிடவில்லை. இவர்கள்தான் கூப்பிட்டார்கள். நேரம் மாற்றித் தரமாட்டார்களாம்.

"போன் வெச்சிப் படிக்கப் பாத்தேன் அத்தா. கறுப்புத் திரைல பொடி எழுத்து. ஒரு வரிய இன்னொரு வரியோட சேத்து உளறுது. நீ உக்காந்து சொல்றியா?"

நான் நாலாவது வரைதான். இங்கிலீஷ் எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்கத் தெரியாது. "எழுத்தெழுத்தா சொல்லு, நான் சேத்துக்கறேன்" என்றாள். உட்கார்ந்தேன்.

அவள் எனக்குப் புரியும்படி சொன்னது இது. அந்தக் குரல் எழுத்தாக இருக்கிறது. எழுத்து பேசாது. அதை அரைத்து, கம்ப்யூட்டர் தின்கிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரைக்கிறதுக்குப் பேர் கம்ப்பைலர்.

"கொத்துக்கறி மெஷினு" என்றேன்.

"ஆங், அதேதான். எலும்பு மாட்டுனா நின்னுடும். எங்க மாட்டுச்சின்னு எழுதிக் காட்டும். அதத்தான் நீ படிக்கணும்."

அவள் விரல் பட்டன்கள்மேல் தேடாமலே ஓடியது. வரிகள் கீழேயிருந்து மேலே ஓட ஆரம்பித்தன. மழை தலைகீழாகப் பெய்கிற மாதிரி இருந்தது. தரையிலிருந்து கிளம்பி வானத்துக்குப் போகிற வெள்ளை மழை. விடியுமுன் சஹர் நேரத்தில் இரண்டு வாய் சோறு தின்றவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது. அப்புறம் மழை நின்றது.

"இன்னா எழுதிக்கீது?"

கடைசி வரியைப் படித்தேன். எர்ரர் ரெண்டு என்று வந்தது.

"அதுக்கு மேல?"

அதற்கு மேலே எர்ரர் ஒன்று.

"அத்தா, நீ கடைசியா கத்துறவனையே பாக்குற. மேல போ."

சண்டை என்றால் கடைசியில் யார் பேசினது என்றுதானே ஊர் பார்க்கும்? அப்படித்தான் நானும் பார்த்தேன். அவள் பட்டனை அழுத்தி அழுத்தித் திரையை இறக்கினாள். நான் நிறுத்து என்றேன், போ என்றேன், மறுபடி நிறுத்து என்றேன். கடைசியில் அவளுடைய ஃபைலின் பேர் வந்தது. அந்தப் பேர் எனக்கு அடையாளம் தெரியும். அவள் பேரின் எழுத்துகளே அதில் இருந்தன. பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று நம்பர். அதற்கப்புறம் நீளமாக ஒரு குற்றச்சாட்டு. எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

அஃப்ரா முகம் சுருங்கியது. "இருநூத்தி பன்னெண்டாவது வரில நான் ஒரு பேரு சொல்லிக் கூப்டுறேன். அப்டி ஒரு பேரே இல்லன்னு சொல்லுது."

"இருக்கா, இல்லியா?"

"போன மாசம் இருந்துச்சே."

அந்த வரியை எடுத்தாள். மறுபடி தலைகீழ் மழை. இருநூற்றுப் பத்தொன்பதில் நின்றது. அதையும் எடுத்தாள். இருநூற்று நாற்பது. ஒவ்வொரு தடவையும் அவள் பேர்தான் வந்தது. பறக்கும் ரயில் ஒன்று போய், சமையல்கட்டில் தட்டுகள் லேசாகச் சிணுங்கின. எத்தனை ரயில் போனது என்று தெரியவில்லை. மதியத் தொழுகை, லுஹர், முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவள் பதினேழு வரிகளை எடுத்திருந்தாள்.

ஒரு மணிக்கு ஜோதிலட்சுமி வீடியோவில் கூப்பிட்டாள். அஃப்ராவோடு காலேஜில் படித்தவள், வேளச்சேரியில் ஒரு கம்பெனியில் இதே மாதிரி வேலை. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்களாம், சாப்பாட்டு நேரத்தில்தான் பேச முடியும்.

"அங்கிள், போனைத் திருப்பி ஸ்கிரீனைக் காட்டுங்க."

திரையை மட்டும் காட்டினேன். போனை அதில் ஒட்டிப் பிடித்தேன். என் வீட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று வேளச்சேரி கேன்டீனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

"அங்கிள், போன் ஸ்கிரீனுக்கு முத்தம் குடுக்குது. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, உங்க பீரோவை நான் பாக்கமாட்டேன்."

அஃப்ரா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். நான் தள்ளிப் பிடித்தேன். ஜோதிலட்சுமி வாயில் எதையோ மென்றபடி பார்த்தாள்.

"ஏய், எல்லா எர்ரரும் உன் ஃபைல்லதாண்டி இருக்கு. மத்தது எல்லாம் கிளீன். அப்டேட் போட்டப்ப நடுவுல கரன்ட் கிரன்ட் போச்சா?"

நான் போனை இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"போவல" என்றாள் அஃப்ரா. "கிச்சன்ல நான் ஃபேன் கீழதான் நின்னுக்கினு இருந்தேன். ஓடிச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"போவலடி. எனக்கு ஃபேன் சத்தம் தெரியாதா?"

"அப்ப நீ எழுதினதுலதான் ஏதோ இருக்கு. உன் ஃபைலை மொத்தமா வெளிய எடுத்துட்டு, பழைய குரலையே பில்ட் பண்ணிக்கோ. இன்னிக்குப் பரீட்சைய ஒப்பேத்து. சாயங்காலம் பாத்துக்கலாம். அங்கிள், கை ஆடுது, நோன்பா? பத்திரம்." வைத்துவிட்டாள்.

அஃப்ரா விரலைப் பட்டனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பழைய குரல்ல தமிழ்க் கேள்வி எனக்கே புரியாது அத்தா" என்றாள். "பாதி மார்க் போச்சு." அப்புறம், "இத எழுதுன ஆளுங்களுக்கு என் ஃபைல அடுத்த மாசம் அனுப்பலாம்னு இருந்தேன். நல்லவேளை, அனுப்பல. ஒலகத்துக்கே என் லட்சணம் தெரிஞ்சிருக்கும்."

அதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். நான் திரையைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்தேன். வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தரையில் ஏணி மாதிரி விழுந்திருந்தது. கண்ணை மூடவில்லை. மூடாமலேயே ஏதோ வந்தது.

லாரியில் ஆடு ஏற்றுகிறார்கள். சாய்த்து வைத்த பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளாடுகள் ஏறுகின்றன. ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் பொடி எழுத்து. எங்கேயோ போய்க்கொண்டே இருக்கின்றன, முடிவே இல்லை, சத்தமும் இல்லை. திடீரென்று நின்றுவிட்டன. பின்னால் வந்ததெல்லாம் முட்டிக்கொண்டு கத்துகின்றன. கடைசி ஆடுதான் ரொம்பக் கத்துகிறது. நான் அதைத் தாண்டி, எல்லாவற்றையும் தாண்டி, ஏறி ஏறிப் போகிறேன். மேகத்துக்குப் பக்கத்தில் முதல் ஆடு நிற்கிறது. அதன் முன்னால் பலகை இல்லை. பாதியில் அறுந்து காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. எவன்டா பலகையைப் பிடுங்கினது என்று கேட்டேன். ஆடு பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பி என் கையைப் பார்த்தது. கையில் கறுப்பாக ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

அஃப்ரா வந்து உட்கார்ந்தாள். முகத்தில் தண்ணீர் துடைக்கப்படாமல் இருந்தது. ஃபைலை வெளியே எடுக்க விரலை வைத்தாள்.

"கரன்ட் போச்சு" என்றேன்.

"இன்னாது?"

"அன்னிக்கு. ஃபேனுக்குப் போவல. இதுக்கு மட்டும் போச்சு. நான்தான் ஒயரப் பிடுங்குனேன். பாங்கு சொல்லிக்கினு இருந்தாங்க, இது வாய மூடல."

அவள் திரும்பினாள். என் முகத்துக்கு நேரே இல்லை, கொஞ்சம் தள்ளி, குரல் வந்த இடத்துக்கு. என்ன சொல்லப்போகிறாள் என்று அந்த முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவன் நான்.

"மூணு நாளா சொல்லல" என்றாள்.

"சொல்லல."

"நான் பதினேழு வரி எடுக்கற வரைக்கும் பாத்துக்கினு உக்காந்திருந்த."

"ஆமா."

மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"பிடுங்கறப்ப எத்தினி சதவீதம் சொல்லுச்சு?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நாப்பத்தி நாலு" என்றேன்.

அவள் விரல் ஓட ஆரம்பித்தது. இப்போது வேறு வேகம். எதையோ தேடச் சொன்னாள் போலிருக்கிறது. திரையில் சின்னதாக ஒரு பட்டியல் வந்து நின்றது. "ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அது எவ்ளோ பெருசுன்னு ஒரு நம்பர் இருக்கும். அதச் சொல்லு."

"சைபர்."

"அடுத்தது?"

"சைபர். எல்லாமே சைபர்தாமா. பதினொண்ணு இருக்கு."

"பேரு சொல்லு. மொதல்லேந்து."

மூன்றாவது பேரில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அந்த மூன்றாவது ஃபைலில்தான் அவள் இருநூற்றுப் பன்னிரண்டில் கூப்பிட்ட பேர் இருக்க வேண்டுமாம். அவளுடைய ஃபைல் போய் அதைத் திறந்து பார்க்கும். நான் ஒயரைப் பிடுங்கின நொடியில் கம்ப்யூட்டர் அதற்குப் பேரை மட்டும் எழுதி முடித்திருக்கிறது. மேலே பேர் இருக்கிறது, உள்ளே வெறும் காற்று. அட்டை மட்டும் உள்ள புத்தகம். அதைத் திறந்து பார்த்த கம்ப்பைலர், அங்கே ஒன்றும் காணாமல், கேட்டவள் மேல் பழியைப் போட்டிருக்கிறது.

"அட்டை காலின்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "ஒன்ன எதுக்குக் குத்தம் சொல்லுது?"

"அதுக்குத் தெரியாது அத்தா. அது வரிசையா படிக்கும், அவ்ளோதான். தெரிஞ்சவங்க சொன்னாதான் உண்டு."



காலியான பதினொன்றையும் நெட்டிலிருந்து புதிதாக இறக்கினாள். அப்புறம் எடுத்த பதினேழு வரிகளையும் திரும்ப வைத்தாள். எதையும் பார்த்து எழுதவில்லை. ஒவ்வொன்றையும் வைக்கும்போது உதடு லேசாக அசைந்தது, ஓதுகிற மாதிரி. மணி இரண்டேகால்.

"ஒரே நேரத்துல நாலு வேலை குடுத்தா இந்தக் கெழவன் மூச்சு முட்டி விழுந்துடுவான்" என்றாள்.

"யாரு?"

"லேப்டாப்பத்தான் சொன்னேன்." சிரிக்கவில்லை. "ஒண்ணொண்ணாதான் அரைக்கச் சொல்லணும். மூணரை ஆவும். நின்னா சொல்லு."

வெள்ளை வரிகள் மறுபடி மேலே போக ஆரம்பித்தன. இப்போது அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சுவரோரம் படுத்து, கையைக் கண்மேல் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எதற்கு அது என்று எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. வெளிச்சம் இல்லை, சத்தம்தான் தொந்தரவு என்பாள். தரையில் கிடந்த வெயில் ஏணி மெதுவாக நகர்ந்து அவள் கால் விரலில் ஏறியது. நகரமே நீருக்கடியில் இருக்கிற மாதிரி இருந்தது. பஸ் சத்தம், பழைய பேப்பர்காரன் சத்தம், கோயில் பக்கத்து நாதஸ்வரம், எல்லாம் எங்கேயோ மேலே, தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு போயின. கீழே நாங்கள் இருவரும், இந்த வரிகளும். மஞ்சள் நிறத்தில் ஏதாவது வந்தால், "மஞ்சளா வருதுமா" என்பேன். "வார்னிங்தான், போவட்டும்" என்பாள், தூக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி. எழுத்துக்கு என்ன நிறம் என்று நான் சொல்வேன். நிறம் என்றால் என்ன என்று அவள் கேட்டதில்லை.

அவள் ஃபைலின் பேர் வந்தது. வரி நின்றது. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. நான் யாருக்கும் கெஞ்சினவன் இல்லை. முகமில்லாத அந்தப் பெட்டியிடம் மனதுக்குள் கெஞ்சினேன். அப்புறம் அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது. அவள் பேர் மேலே ஏறி ஏறி, திரையின் விளிம்பில் கரைந்து போய்விட்டது.

"போயிடுச்சுமா" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எர்ரர் எதுனா?"

"ஒண்ணுமில்ல. சும்மா போயிடுச்சு."

மூன்று முப்பத்தெட்டுக்கு எல்லாம் முடிந்து, எழுத்து நின்று, ஒரு சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் இரண்டு மூன்று ஏதோ தட்டினாள். கம்ப்யூட்டர் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிறகு பேசியது. தமிழில். திரையில் இருந்ததை அது பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனது. வெந்நீர் இல்லை. மாடி வீட்டு ஆள்தான்.

அஃப்ரா தலையைச் சாய்த்துக் கேட்டாள். வேகத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஆகும்வரை கூட்டினாள். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. அவளுக்கு அதுதான் சரியான வேகம்.

"அத்தா, கேமரா போட்டுருக்கேன். ரூம்ல நான் மட்டும்தான் இருக்கணுமாம். மூஞ்சி நேரா தெரியுதா பாரு."

திரையில் அவள் முகம் வந்தது. "நெத்தி வெட்டுப்படுது" என்றேன். கம்ப்யூட்டரின் கழுத்தைப் பிடித்து லேசாகச் சாய்த்தேன். "இப்ப சரி. துப்பட்டா இடது பக்கம் எறங்கிக்கீது."

சரி செய்துகொண்டாள்.

நான் கதவுவரை போனேன். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"அத்தா."

"சொல்லு."

"நான் கோவமாதான் கீறேன். இப்ப நேரமில்ல. பரீட்சை முடியட்டும், அப்பறம் ஒன்ன வெச்சிக்கறேன்."

"சரிமா" என்றேன்.

கதவை வெளியே இருந்து சாத்தினேன். மாடிப்படியில் வெயில் இறங்கிப்போய், கல் இன்னும் சூடாக இருந்தது. உட்கார்ந்தேன். உள்ளே எவனோ ஒருத்தன் இங்கிலீஷில் ஏதோ கேட்டான். அவள் தன் பேரைச் சொன்னாள், அஃப்ரா கரீமுல்லா என்று, என் பேரையும் சேர்த்து முழுசாக. அதற்கப்புறம் ஆலங்கட்டி மாதிரி அந்தக் குரல் கொட்டியது. அது நிற்கிற இடத்திலெல்லாம் அவள் விரல் சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரப் பரீட்சை. முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்து என்னைத் திட்டுவாள். அது வரைக்கும் யாரும் படியேறிச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.